அறிந்ததை அறிதல்: செல்லோக் கலைஞர் யானோஷ் ஸ்டார்க்கரின் ஆசிரியப் பணி



தமிழ் மொழி பற்றிய பொதுச் சொற்பொழிவு வரிசையில் ஹங்கேரி நாட்டில் பிறந்து அமெரிக்காவில் மறைந்த ஓர் இசைக்கலைஞரைப் பற்றிப் பேசுவது முறையா என்னும் ஐயம் உங்களில் சிலருக்கு எழலாம். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "ஐயா, மண்டபம் மாறிவிட்டதா?" என்றே கேட்டுவிட்டார். மண்டபம் மாறவில்லை. இந்த அவையில் பாதிக்கு மேற்பட்டோர் ஆசிரியர்கள். தமக்கு இயல்பாக வந்த ஒன்றை, இயல்பாக வராத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள். அந்தப் பொறுப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தம் உடலிலும் உள்ளத்திலும் பட்டு உணர்ந்து, பின்னர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதையே தொழிலாகக் கொண்டவர் யானோஷ் ஸ்டார்க்கர். மொழியியலில் நான் வேறு வகையில் படித்த செய்திகள் சிலவற்றை அவருடைய வாழ்க்கையில் தெளிவாகக் காண்கிறேன். அதனால்தான் இந்தத் தலைப்பு.

செல்லோவைப் பற்றி ஒரு சொல். அது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கருவி. தோளில் தாங்க இயலாது. அமர்ந்துகொண்டு முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, அடியிலுள்ள கூர்முனைக் கம்பியைத் தரையில் ஊன்றி வாசிப்பார்கள். நான்கு தந்திகள். ஒவ்வொரு தந்தியும் தனக்குக் கீழுள்ள தந்திக்குப் பஞ்சமமாக அமையும். வலக்கையில் வில், இடக்கை விரல்கள் தந்தியில். வீணையில் உள்ளதுபோல் மெட்டுகள் இல்லை. சுரம் எங்கே இருக்கிறது என்பதை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆண் குரலின் அடித்தளம் முதல் பெண் குரலின் உச்சம் வரை அதன் ஒலி எல்லை விரிவதால், மனிதப் பேச்சுக்கு மிக அண்மையில் நிற்கும் கருவி என்று பலரும் சொல்வதுண்டு. இவ்வளவு போதும்.

ஸ்டார்க்கர் 1924ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தையற்காரர். மூத்தவர்களான இரு அண்ணன்மாரும் வயலின் கற்றார்கள். மூன்றாம் பிள்ளையின் கையில் செல்லோ வந்தது. ஹங்கேரியர்கள் சீனரைப் போலக் குடும்பப் பெயரை முன்னும் இட்ட பெயரைப் பின்னும் வைப்பவர்கள் என்பதால் அந்நாட்டில் அவர் ஸ்டார்க்கர் யானோஷ். ஏழு வயதளவில் புடாபெஸ்டின் ஃபிரான்ஸ் லிஸ்ட் இசைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கற்பித்தவர் அடால்ஃப் ஷிஃபர். ஷிஃபரின் ஆசிரியர் டேவிட் பாப்பர். செல்லோ கற்கும் எந்த மாணவரும் இன்றும் பாப்பரின் நாற்பது பயிற்சிப் பாடங்களிலிருந்து தப்ப முடியாது. பாப்பர் 1886இல் அந்த இசைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கியவர். ஆக, சிறுவன் யானோஷுக்குக் கிடைத்தது தனியொரு ஆசிரியர் மட்டுமல்லர். மூன்று தலைமுறையாக வந்த ஓர் ஆசிரிய மரபு. நம் இசைவாணர்கள் 'பாணி' என்று சொல்வதற்கும், இலக்கண ஆசிரியர்கள் 'மாணாக்கர் பரம்பரை' என்று சொல்வதற்கும் இணையானது அது.

எட்டாம் வயதில் அவருக்கு முதல் மாணவர் வந்து சேர்ந்தார். அந்த மாணவருக்கு வயது ஆறு! பதினோராம் வயதில் மேடைக் கச்சேரி. பதினான்காம் வயதில், வேறொருவர் வாசிக்க வேண்டிய ட்வோர்ஷாக்கின் செல்லோக் கான்செர்ட்டோவை, மூன்று மணி நேர முன்னறிவிப்பில் மேடையேறி வாசித்தார். குழந்தை மேதைகளின் வரலாறுகளில் இத்தகைய செய்திகள் வழக்கமானவை. நான் அவற்றில் நெடுநேரம் தங்கப் போவதில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளைக்குக் கற்பித்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இசைக்கழகத்தில் தம்மை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராக ஸ்டார்க்கர் பின்னாளில் போற்றியது செல்லோ ஆசிரியரை அன்று. பல கருவிகள் சேர்ந்து வாசிக்கும் சிற்றரங்க இசையைக் கற்பித்த லியோ வைனரை. வைனர் அடிப்படையில் இசையமைப்பாளர். நடத்துநர்களாகப் பின்னர் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் சோல்ட்டி, அன்டால் டொராட்டி ஆகியோரும் அவரிடம் பயின்றவர்களே. செல்லோவை எடுத்து, 'இப்படி வாசி' என்று செய்துகாட்டும் ஆசிரியர் அல்லர் அவர். தாம் வாசிப்பதை மாணவர்கள் தாமே கேட்கும்படி செய்தவர். எந்தச் சுரம் எந்தச் சுரத்தை நோக்கிப் போகிறது, எங்கே மூச்சு விட வேண்டும், எது முதன்மை, எது துணை என்று சொற்களால் பிரித்துக் காட்டினார். மொழியியல் வகுப்பில் ஒரு வாக்கியத்தைப் பகுத்துக் காட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

இங்கே இன்னொரு பெயரைச் சொல்லாமல் என்னால் கடந்து போக முடியாது: ஸோல்டான் கோடாய். இசைக்கல்வி படித்தவர்கள் அவரைக் கைச்சைகைகளோடு பாடக் கற்பிக்கும் முறைக்காக அறிவார்கள். ஆனால் அவர் எங்கள் துறைக்கும் உறவினர். புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஹங்கேரிய மொழியும் ஜெர்மன் மொழியும் பயின்றவர். ஹங்கேரிய நாட்டுப்புறப் பாடல்களின் கண்ணி அமைப்பை ஆராய்ந்து 1906இல் முனைவர் பட்டம் பெற்றவர். பேலா பார்டோக்குடன் சிற்றூர் சிற்றூராகச் சென்று பாடல்களைத் திரட்டினார். 1930களில் ஹங்கேரிய உச்சரிப்பு சிதைந்து வருவதைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். ஓர் இசையமைப்பாளர் உச்சரிப்பைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதலசையில் விழும். உயிரொலியின் நீளமோ அதனோடு தொடர்பில்லாதது. நம் குறிலும் நெடிலும் போலவே பொருளை வேறுபடுத்துவது. ஆகவே அழுத்தம் பெற்ற குறிலும், அதையடுத்து அழுத்தம் பெறாத நெடிலும் அம்மொழியில் இயல்பாக வரும். இந்த நடை அந்நாட்டுப் பாடல்களின் தாளத்திலும் இறங்கியிருக்கிறது. பேச்சு சிதைந்தால் பாட்டும் சிதையும் என்பது கோடாயின் கவலை.

அந்தக் கோடாய் 1915இல் தனிச் செல்லோவுக்காக ஒரு சொனாட்டா எழுதினார். துணைக்கருவி ஏதும் கிடையாது. கீழ்த்தந்திகள் இரண்டையும் வழக்கமான சுருதியிலிருந்து அரைச்சுரம் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அதனால் விரல்கள் பழகிய இடத்தில் பழகிய ஒலி வராது. செல்லோ இலக்கியத்தில் மிகக் கடினமானவற்றுள் ஒன்றாகக் கருதப்படும் இப்படைப்பைப் பதினைந்தாம் வயதில் ஸ்டார்க்கர் வாசிக்கக் கோடாயே கேட்டார். முதற்பகுதியின் வேகம் மிகுதி என்று சுருக்கமாகச் சொன்னாராம். பாராட்டைவிட அத்தகைய ஒற்றைத் திருத்தம் மாணவருக்கு நெடுநாள் உதவும் என்பது என் கருத்து.

பிறகு போர் வந்தது. புடாபெஸ்டை ஒட்டி டான்யூப் ஆற்றில் உள்ள செப்பெல் தீவில் ஸ்டார்க்கர் அடைத்துவைக்கப்பட்டார். அவர் உயிர் பிழைத்தார். வயலின் வாசித்த அண்ணன்மார் இருவரையும் நாஜிகள் கொன்றார்கள். இதைப் பற்றி அவர் மேடைகளில் உருக்கமாகப் பேசித் திரிந்தவர் அல்லர். நானும் இதற்கு மேல் விரிக்கவில்லை.

போர் முடிந்ததும் புடாபெஸ்ட் ஓபராவிலும் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவிலும் முதன்மைச் செல்லோக் கலைஞரானார். 1946இல் நாட்டை விட்டு வெளியேறினார். அவ்வாண்டு ஜெனீவாவில் நடந்த போட்டியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வயதான அந்தக் கலைஞருக்குள் ஏதோ ஒன்று நின்றுபோயிருந்தது. குழந்தைப் பருவம் முதல் கை தானாகச் செய்துவந்ததைப் பார்த்து, 'இதை எப்படிச் செய்கிறேன்?' என்று ஒருநாள் மனம் கேட்டுவிட்டது. விடை இல்லை. விடை இல்லை என்று தெரிந்ததும் கையும் தடுமாறியது. கண்ணில்லாதவனைப் போல வாசித்தேன் என்று அக்காலத்தைப் பற்றிப் பின்னாளில் கூறியிருக்கிறார். தான் எப்படிப் பாடுகிறோம் என்று அறியாமல் பாடும் பறவை, ஒருநாள் விழித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும் என்பதே குழந்தை மேதைகளின் நிலை என்று விளக்கினார். மனம் முறியும் விளிம்புவரை சென்றதாகவும் சொல்லியிருக்கிறார்.

மொழியியலில் நாங்கள் இந்தப் பறவையை நன்கு அறிவோம். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'தாய்மொழியாளர்'. தாய்மொழியாளர் தம் மொழியில் தவறில்லாமல் ஆயிரம் வாக்கியங்கள் அமைப்பார். ஏன் இப்படி, ஏன் அப்படியில்லை என்று கேட்டால் திகைப்பார். அறிவு இல்லாததால் அன்று. அறிவு கைக்குள்ளும் நாவுக்குள்ளும் புதைந்து கிடப்பதால். இத்தகைய உள்ளுறை அறிவைப் பற்றி விரிவாக எழுதிய மைக்கேல் பொலானியும் புடாபெஸ்டில் பிறந்தவர் என்பது ஒரு சுவையான தற்செயல்.

ஸ்டார்க்கர் செய்தது என்ன? பாரிஸில் தங்கி, ஏறத்தாழ ஓராண்டுக் காலம், தம் வாசிப்பைத் தாமே பகுத்து ஆராய்ந்தார். வில் தந்தியைத் தொடும்போது எந்தத் தசை இயங்குகிறது? ஆற்றல் விரலிலிருந்து வருகிறதா, முதுகிலிருந்தா? மூச்சை எப்போது இழுக்கிறோம்? இடக்கை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும் அந்தக் கணத்தில் வலக்கை என்ன செய்கிறது? பழைய திறமை திரும்பி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அதன் இலக்கணத்தை எழுதத் தொடங்கினார். அங்கே கோடாயின் சொனாட்டாவைப் பதிவுசெய்தார். அந்த இசைத்தட்டு 1948இல் பிரான்சின் 'கிராண்ட் பிரி டு டிஸ்க்' விருதைப் பெற்றது. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் அதே படைப்பை மீண்டும் பதிவுசெய்தபோது ஒலிப்பதிவாளராக இருந்தவர் பேலா பார்டோக்கின் மகன் பீட்டர் பார்டோக். அந்தத் தட்டுதான் அவர் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது.

அடுத்த பத்தாண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1948இல் அமெரிக்கா சென்று டல்லாஸ் சிம்ஃபொனியில் டொராட்டியின் கீழும், 1949 முதல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ஃபிரிட்ஸ் ரெய்னரின் கீழும், 1953 முதல் ரெய்னருடனேயே சிகாகோ சிம்ஃபொனியிலும் முதன்மைச் செல்லோக் கலைஞராக இருந்தார். மூவரும் ஹங்கேரியர்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். புலம்பெயர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது நமக்குப் புதிதன்று. தனிக்கலைஞராகப் பெயர் பெற்றவர்கள் இசைக்குழுவில் அமர்வதைச் சிலர் தாழ்வாகக் கருதுவார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. நாள்தோறும் பிறருடைய மூச்சோடு தம் மூச்சைப் பொருத்தும் பயிற்சி அங்கேதான் கிடைக்கும்.

1958இல் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டன் என்னும் சிறு நகரத்துக்கு, அங்குள்ள இண்டியானா பல்கலைக்கழகத்தின் இசைப்பள்ளிக்கு, பேராசிரியராகச் சென்றார். 2013 ஏப்ரல் 28ஆம் நாள் அதே ஊரில் மறையும்வரை அதுவே அவருடைய இடம். அவருடைய கச்சேரித் துணைவரான பியானோக் கலைஞர் ஜியோர்ஜி ஷெபெக், வயலின் ஆசிரியர் ஜோசஃப் கிங்கோல்ட் ஆகியோரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். உலகின் பல பகுதிகளிலிருந்தும் செல்லோ மாணவர்கள் அந்தச் சிற்றூரைத் தேடிவந்தார்கள். ஆண்டின் பெரும்பகுதி கச்சேரிப் பயணம். திரும்பி வந்ததும் வகுப்பு. தம்மால் கற்பிக்காமல் வாசிக்க முடியாது, வாசிக்காமல் கற்பிக்கவும் முடியாது என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு. ஒன்றைப் பிறருக்கு விளக்க முற்படும்போதுதான் நாம் உண்மையில் என்ன செய்கிறோம் என்பது நமக்கே புலப்படுகிறது என்பது அதற்கு அவர் தந்த காரணம். எட்டு வயதில் கற்பிக்கத் தொடங்கியவரல்லவா?

அவருடைய கற்பித்தலில் மொழியியலாளரை உடனே ஈர்க்கும் ஒரு பகுதியை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். செல்லோவின் விரல்பலகை நீளமானது. ஒரு சுரத்திலிருந்து தொலைவிலுள்ள இன்னொரு சுரத்துக்கு இடக்கை முழுவதும் நகர வேண்டியிருக்கும். அதே நேரத்தில் வில்லும் திசை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கை நகரும்போது இடைப்பட்ட ஒலி சிறிது கேட்கத்தான் செய்யும். நம் கர்நாடக இசையில் 'ஜாரு' என்போமே, அதன் நிழல் போல. கேள்வி இதுதான்: கை நகர்வது வில் மாறுவதற்கு முன்பா, பின்பா? பெரும்பாலான கலைஞர்கள் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. கை தானாக ஏதோ ஒன்றைச் செய்யும். ஸ்டார்க்கர் இரண்டுக்கும் பெயர் வைத்தார். பழைய வில்லிலேயே கை நகர்ந்துவிட்டால் அது 'முன்னோக்கிய இணைப்பு'. வில் திசை மாறிய பிறகு புதிய வில்லில் கை நகர்ந்தால் அது 'தாமத இணைப்பு'. கேட்பவர் செவியில் இரண்டும் வேறுவேறு உணர்வைத் தரும். எது வேண்டும் என்பதை வாசிப்பவர் தெரிந்தே தேர்ந்துகொள்ள வேண்டும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது எங்கோ கேட்டது போலத் தோன்றவில்லையா? பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். வரப்போகும் வல்லினத்தை எதிர்பார்த்து, நிலைமொழியின் இறுதி னகரம் முன்கூட்டியே றகரமாகிவிடுகிறது. கண்ணும் நீரும் சேர்ந்தால் கண்ணீர். இங்கே நிலைமொழி அப்படியே நிற்கிறது; அதன் ணகரம் தாமதித்து நின்று வருமொழியின் முதலெழுத்தை மாற்றிவிடுகிறது. இரு ஒலிகள் சந்திக்கும் இடத்தில் எது எதற்கு வழிவிடுகிறது என்பதையே நம் புணரியல் ஆராய்கிறது. ஒலி தனித்து நிற்கும் இடத்தைவிட, ஒலியும் ஒலியும் சேரும் இடத்தில்தான் கலையின் நுட்பம் ஒளிந்திருக்கிறது என்பதைத் தொல்காப்பியரும் கண்டார். எந்தத் தொடர்பும் இல்லாமல் புளூமிங்டனிலிருந்த செல்லோ ஆசிரியரும் கண்டார். சுரங்களைச் சரியாக வாசிப்பது எளிது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதுதான் கடினம் என்பதை உணராத இசை மாணவர் இல்லை.

இடக்கைப் பயிற்சிகளை அவர் ஒரு நூலாகவும் வகுத்துத் தந்தார். கட்டுரைகள் நிறைந்த நூலன்று, பயிற்சிகள். ஒவ்வொரு நிலையிலும் விரல்கள் எங்கே விழும், ஒரு நிலையிலிருந்து எல்லா நிலைகளுக்கும் கை எப்படிச் செல்லும் என்பதை முறைவைத்து அடுக்கியது. படிப்பதற்குச் சுவையாக இராது. சொற்புணர்ச்சி நூற்பாக்களும் படிப்பதற்குச் சுவையாக இரா என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டையும் சொல்ல வேண்டும். குளிர்ச்சியான வாசிப்பு என்றார்கள் சில திறனாய்வாளர்கள். மேடையில் அவர் முகம் சுளிப்பதில்லை, தலையை ஆட்டுவதில்லை, உடல் அசைவது குறைவு. கேட்பவருக்குள் கிளர்ச்சியை உண்டாக்கு, நீ கிளர்ச்சியடையாதே என்று மாணவர்களுக்குச் சொல்வார். இலக்கணம் தெரிந்தால் கவிதை வராது என்று நம் ஊரிலும் ஒரு பேச்சு உண்டு. அதன் இசை வடிவம்தான் இந்தக் குற்றச்சாட்டு. பாக்கின் தனிச் செல்லோ இசைத்தொகுதிகள் ஆறையும் அவர் வாழ்நாளில் ஐந்து முறை பதிவுசெய்தார். கடைசிப் பதிவுக்கு 1998இல் கிராமி விருது கிடைத்தது. ஐந்து முறை திரும்பிச் செல்பவரை உணர்ச்சியற்றவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் கடுமையான ஆசிரியர் என்பதில் ஐயமில்லை. புகைப்பிடிக்கும் பழக்கமும் அவரை விடவில்லை. மேடைக்குப் பின்னால் புகைக்கத் தடை என்றதால் ஒரு கச்சேரியையே மறுத்தவர்! அதை யாரும் பின்பற்ற வேண்டாம்.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில், ஆசிரியராகத் தகாதவருக்கு நான்கு உவமைகள் சொல்லப்படுகின்றன. கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. இவற்றுள் மடற்பனை என்னை எப்போதும் சிந்திக்க வைக்கும். பழுத்த மரம்தான், பழத்தில் குறையில்லை. ஆனால் மடல்கள் சூழ்ந்திருப்பதால் எவரும் ஏறிப் பறிக்க முடியாது. தானாக விழுந்தால் உண்டு. இல்லையேல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாபெரும் கலைஞர்கள் பலர் இத்தகைய மடற்பனைகள். அவர்கள் அருகில் இருந்து விழுவதைப் பொறுக்கிக்கொள்ளலாம். கடுமை வேறு, மடல் வேறு. ஸ்டார்க்கரின் மரத்தில் படி வெட்டப்பட்டிருந்தது. கால் வலித்தாலும் ஏறலாம்.

அவரிடம் பயின்றவர்களைப் பார்த்தாலே இது விளங்கும். ஜப்பானிலிருந்து வந்த சுயோஷி சுட்சுமி 1963இல் புடாபெஸ்டில் நடந்த காசல்ஸ் போட்டியில் வென்றார். பின்னர் அதே புளூமிங்டனில் பேராசிரியராகி, அதன் பிறகு டோக்கியோவின் டோஹோ இசைக்கல்லூரிக்குத் தலைவரானார். ஜெர்மனியைச் சேர்ந்த மரியா கிளீகல் 1981இலும், கேரி ஹாஃப்மன் 1986இலும் ரோஸ்ட்ரோபோவிச் போட்டியில் வென்றார்கள். மூவரின் ஒலியும் மூன்று விதம். ஆசிரியரைப் போலச் செய்யக் கற்றவர்கள் ஆசிரியரின் நகல்களாகிறார்கள். ஏன், எப்படி என்று கற்றவர்கள் தம் வழியில் போகிறார்கள்.

இப்போது நம் வகுப்பறைக்கு வருகிறேன். வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் தொடக்கநிலைப் பிள்ளை ஒன்று, "நான் தமிழ் தெரியும்" என்று சொல்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதைக் கேளாத தமிழாசிரியர் இரார். நாம் உடனே, "எனக்குத் தமிழ் தெரியும் என்று சொல்" என்று திருத்துகிறோம். பிள்ளை, "ஏன்?" என்று கேட்கிறது. "அப்படித்தான் சொல்ல வேண்டும்." அந்த இடத்தில் நாம் பறவையாகிறோம். பிள்ளையின் கேள்வி நியாயமானது. 'நான் அறிவேன்' என்பது சரியென்றால், 'நான் தெரியும்' ஏன் பிழை? 'மலை தெரிகிறது' என்னும் வாக்கியத்தை அந்தப் பிள்ளைக்குக் காட்டுங்கள். தெரிவது எது? மலை. யாருக்குத் தெரிகிறது? எனக்கு. 'எனக்கு மலை தெரிகிறது. எனக்குத் தமிழ் தெரியும்.' தெரிவது தமிழ், அதுவே எழுவாய். நான் அது வந்து சேரும் இடம். பசியும் வலியும் பிடித்தலும் வேண்டுதலும் இப்படித்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. அதற்காகத்தான் 'கு' உருபு நிற்கிறது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால், தம் நாவில் தானாக வரும் ஒன்றைத் தாமே நிறுத்திக் கேட்டுப் பார்த்த உழைப்பு இருக்க வேண்டும்.

ழகரமும் அவ்வாறே. "நான் சொல்வதைக் கேட்டு அப்படியே சொல்" என்பதோடு பல வகுப்புகளில் பாடம் முடிந்துவிடுகிறது. கேட்டு வராத பிள்ளை மறுமுறை கேட்டாலும் வராது. நாக்கின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட வேண்டும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் சொல்கிறது. எந்த ஒலிக்கு நா ஒற்றும், எந்த ஒலிக்கு வருடும் என்று பிரித்தே சொல்கிறது. எங்கள் ஒலியியல் வகுப்புகளில் கருவிகள் கொண்டு அளந்ததை, தம் வாயையே ஆய்வுக்கூடமாக்கிக் கண்டவர்கள் அவர்கள். நம் கையில் அந்த நூல் இருக்கிறது. தேர்வுக்குப் படித்து முடித்த பிறகு அதை வகுப்பறைக்குள் கொண்டுசெல்கிறோமா என்பது வேறு கேள்வி.

பிள்ளைகளுக்கு இலக்கணம் ஓதுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டார்க்கர் தம் மாணவர்களைத் தசைகளின் பெயர்களை ஒப்பிக்கச் சொல்லவில்லை. அறிந்தது மீண்டும் கைக்குள் இறங்கி, எண்ணாமலே வரும்வரை பயிற்சி செய்ய வைத்தார். மேடையில் அமர்ந்து தோள்பட்டையை எண்ணிக்கொண்டிருப்பவர் இசை வாசிக்க முடியாது. ஆனால் கை தடுமாறும் நாளில் எதைத் திருத்த வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் தானாக நாவில் வரும் தலைமுறை நம் நாடுகளில் சுருங்கி வருகிறது. இனி வரும் தமிழாசிரியர்களில் பலருக்கும் அது முழுமையாகத் தானாக வந்திராது. அதை நான் இழப்பாக மட்டும் பார்க்கவில்லை. முயன்று கற்றவருக்கு, எந்தப் படியில் கால் இடறும் என்பது நினைவிருக்கும். பயிற்சி ஆசிரியர்கள் சிலர் தம் தமிழ் போதாது என்று என்னிடம் தயங்கிச் சொல்வதுண்டு. போதாமையை உணர்ந்து தேடத் தொடங்கிய 1946ஆம் ஆண்டு ஸ்டார்க்கரை அவர்களுக்கு நான் அறிமுகம் செய்து வைப்பேன்.

நேரம் நெருங்கிவிட்டது. கேள்விகளுக்கு முன்னர், கோடாய் சொனாட்டாவின் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தை ஸ்டார்க்கரின் வாசிப்பில் ஒலிக்கச் செய்ய மன்றத்தினர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அடித்தந்திகள் தாழ்த்தப்பட்டிருப்பதால் கருவியின் கீழ்க்குரல் சற்று இருண்டு கேட்கும். ஹங்கேரியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதலசையில் விழும் அழுத்தத்தை மட்டும் செவியில் வைத்துக்கொண்டு, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அவர் எப்படிப் போகிறார் என்று கேளுங்கள்.